டைபீரியஸ் டெனாரியஸ்: முகத்துக்காக வாங்கிய வெள்ளிக்காசு

முதலில் தேடியது ஜூலியஸ் சீசரின் காசைத்தான். உயிரோடு இருக்கும்போதே ரோமில் அச்சான காசில் தன் முகத்தைப் பார்த்த முதல் ரோமானியர் அவர். அது கி.மு. 44இல். அதே ஆண்டு மார்ச்சில் அவரைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். அந்தக் காசின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் ரோமப் பேரரசர் டைபீரியஸின் டெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) ஒன்றை வாங்கினேன். பைபிளில் வரும் வரிக்காசு இந்த வகைதான் என்று பலர் நம்புவதால் இதற்கும் கிராக்கி அதிகம். நான் வாங்கியது அந்த முகத்துக்காக.

எடை 3.7 கிராம், விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். வலப்புறம் பார்க்கும் தலை, அதில் வாகை மாலை. காதுக்குக் கீழே மாலையின் நாடா தொங்குவதுகூடத் தெரிகிறது. மூக்கு நேராக, உதடு இறுகிப்போய் இருக்கிறது. டைபீரியஸ் ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு 54 வயது, இறந்தபோது 77. ஆனால் இந்த முகத்தில் கிழத்தனம் இல்லை. சீசரின் காசில் கழுத்துச் சுருக்கத்தைக்கூட மறைக்காமல் செதுக்கியிருப்பார்கள். எண்பது ஆண்டுகளுக்குள் இத்தனை மாற்றம்! இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சுற்றியுள்ள எழுத்து, 'தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்று டைபீரியஸைச் சொல்கிறது. அகஸ்டஸ் அவருக்கு முந்தைய பேரரசர், அவரைத் தத்தெடுத்தவர். பின்பக்கம் செங்கோலோடு ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். டைபீரியஸின் தாய் லிவியா என்பார்கள் பலர். அமைதித் தெய்வம் என்பவர்களும் உண்டு. இந்தப் பக்கம் என் காசில் நன்றாகத் தேய்ந்துவிட்டது.

குறை என்றால், விற்றவர் அனுப்பிய படம்தான். ஒரே பக்கத்திலிருந்து பலமான வெளிச்சம் போட்டு எடுத்திருந்தார். கையில் வந்த பிறகுதான் அச்சு ஒருபக்கமாக விலகி, நான்கு எழுத்துகள் விளிம்புக்கு வெளியே போனது தெரிந்தது. உள்ளே வெள்ளிதானா என்று பார்க்க அந்தக் காலத்திலேயே யாரோ விளிம்பில் போட்ட சிறு வெட்டையும் அவர் சொல்லவில்லை. அந்த வெட்டு எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, ஆனாலும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் காசைச் சாய்த்துச் சாய்த்து எடுத்த வீடியோ கேளுங்கள். எடையையும் விளிம்பின் படத்தையும் கேளுங்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால் அது அச்சில் வார்த்த போலி. அப்புறம், கி.பி. 64இல் பேரரசர் நீரோ டெனாரியஸின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்துவிட்டார். நல்ல வெள்ளியில் ஒரு முகம் வேண்டுமென்றால் அதற்கு முந்தைய காசைத் தேடுங்கள்.

என் காசின் கன்னத்தில் கருநீலப் பூச்சு படிந்திருக்கிறது. தேய்த்துப் பளபளப்பாக்கச் சொன்னார்கள். தொடவே இல்லை.