நேரலை வகுப்பா, தொலைக்காட்சிப் பாடமா?

2020-இல் பள்ளிகள் மூடியபோது உலகில் குறைந்தது 46.3 கோடிப் பிள்ளைகளுக்கு எந்தத் தொலைவழிப் பாடமும் எட்டவில்லை என்றது யூனிசெஃப். அந்தப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான், பள்ளி மூடியிருக்கும்போது இணையத்தில் நடக்கும் நேரலை வகுப்பு, தொலைக்காட்சிப் பாடம் என்ற இரண்டு வழிகளையும் பார்க்கிறேன்.

நேரலை வகுப்பில் கேள்வி கேட்கலாம், ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பார். ஆனால் வீட்டில் ஒரே போன், அதுவும் வேலைக்குப் போகும் அப்பாவிடம் என்றால்? அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு வந்தால் ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். டேட்டா தீர்ந்தால் பாதியில் துண்டிப்பு. போன் இருந்தும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லாத சின்னப் பிள்ளை சீக்கிரமே திரையை விட்டு விலகிவிடும். கருவியைக் கொடுத்தால் மட்டும் ஏற்றத்தாழ்வு தீராது என்பது இதனால்தான்.

தொலைக்காட்சிக்கு இணையம் வேண்டாம், இரண்டு பிள்ளைகள் சேர்ந்தே பார்க்கலாம். சரி, சந்தேகம் வந்தால்? கேட்க வழியில்லை. பாடம் யாருக்காகவும் நிற்காது.

என்னைக் கேட்டால், தொலைக்காட்சிப் பாடத்தோடு ஆசிரியர் வாரம் ஒருமுறை சாதாரண போனில் பேசுவதே மேல். மேல்வகுப்பு மாணவர்களிடம் கருவியும் இணையமும் உறுதியாக இருந்தால் மட்டும் நேரலை வகுப்பு.