பஸ்ஸில் போய் மலை ஏற: மருந்துவாழ் மலையா, சிதறாலா, காளிமலையா?

குமரி மாவட்டத்தில் மலை ஏற எங்கே போகலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பைக் வைத்திருப்பவர்கள். அவர்கள் பேச்சை நம்பிப் பஸ்ஸில் கிளம்பினால், மலையில் ஏறுவது வரை எல்லாம் சரியாக இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ரப்பர் தோட்டத்து முக்கில் கொசுக்கடியோடு நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பஸ்ஸில் போகிறவருக்கு மலை எவ்வளவு உயரம் என்பது பிறகு வரும் விஷயம். இறங்கும் இடத்திலிருந்து அடிவாரத்துக்கு எவ்வளவு நடை, திரும்ப வண்டி எப்போது, அந்த வண்டி வராமல் போனால் அடுத்த வண்டி எந்த ஊரில் கிடைக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

ஒரு விஷயத்தில் நமக்குக் கொடுப்பினை உண்டு. திருவிதாங்கூர் அரசு 1938-லேயே அரசு பஸ் விட ஆரம்பித்துவிட்டது. 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. மினி பஸ்ஸை விட்டால் இங்கே ரோட்டில் ஓடுவது பெரும்பாலும் அரசு வண்டிதான். லாபம் மட்டும் பார்க்கிற முதலாளி விடவே மாட்டாத ரூட்டில் எல்லாம், ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்காகவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகவும் ஒரு வண்டி போய் வந்துகொண்டிருக்கும். நாம் அதில் ஒட்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுண் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. ஆகவே பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து கிளம்பினால் செலவு சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

முதலில் மருந்துவாழ் மலை. பஸ் கணக்கில் இதற்குப் போட்டியே கிடையாது. நாகர்கோவில்–கன்னியாகுமரி ரோட்டில் பொற்றையடியில் இறங்கினால் மலை கண்ணெதிரே நிற்கும். அடிவாரத்துக்கு ஊருக்குள்ளாகவே நடந்துவிடலாம். ஆட்டோ பிடிப்பது வீண். அந்த ரோட்டில் ஒரு வண்டியை விட்டால் அடுத்தது பின்னாலேயே வரும் என்பதால், கடைசி வண்டி எப்போது என்ற கவலையே இல்லாமல் ஏறலாம். ஒன்றே ஒன்று: தூரத்து ஊர் எக்ஸ்பிரஸ் வண்டிகள் பொற்றையடியில் நிற்காது. ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் கன்னியாகுமரி வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடம் இது. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது விழுந்த துண்டு என்பது ஊர்க்கதை. மூலிகைச் செடிகள் நிறைய உண்டு என்பதால் கதைக்கும் மலைக்கும் பொருத்தம்தான். பாதையில் பிள்ளைத்தடம் குகை இருக்கிறது. கேரளத்துத் துறவி நாராயண குரு இங்கே தவம் இருந்தார். அதனால்தான் விடுமுறை நாளில் அடிவாரத்தில் கேரள நம்பர் பிளேட் வண்டிகள் வரிசையாக நிற்கும். குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். வெளியே வெயில் எப்படிக் காய்ந்தாலும் உள்ளே பாறை குளிர்ந்து கிடக்கும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் எழும்ப மனசு வராது.

ஏற்றம் எப்படி? தொடக்கத்தில் படி. பிறகு படி தேய்ந்து பாறையாகிவிடும். ஆள் நடந்து நடந்து வழுவழுத்த பாறை. ஈரமாக இருக்கும் நாளில் அதில் ரப்பர் செருப்போடு ஏறுவது கண்ணைத் திறந்துகொண்டு கிணற்றில் குதிப்பது மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் பக்தர்கள்தான் உண்மையில் புத்திசாலிகள். பழக்கம் உள்ளவர்கள் ஒரு மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடுவார்கள். நின்று நின்று போனால் கூடுதலாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். உச்சியில் அனுமார் கோயில். அங்கே நின்று சுற்றிப் பார்த்தால் தெற்கே கடல், அந்தப் பக்கம் வட்டக்கோட்டை, இந்தப் பக்கம் சுசீந்திரம் கோபுரமும் தேரூர்க் குளமும், வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாடிகள். மாவட்டத்தில் பாதியை ஒரே இடத்தில் நின்று பார்த்துவிடலாம்.

குறை என்று சொன்னால் வெயிலும் குரங்கும். மேல்பாதியில் நிழல் குறைவு. காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒன்பது மணிக்குமேல் பாறை சுடத் தொடங்கிவிடும். தண்ணீர் கீழேயிருந்தே கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் அது குரங்குக்குத்தான். எதையும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள்.

சிதறாலுக்கு நேர் எதிர் குணம். மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான், டவுண் பஸ் உண்டு. நாகர்கோவிலிலிருந்து வருகிறவர்கள் மார்த்தாண்டம் வரை எதில் வேண்டுமானாலும் வந்து அங்கே மாறிக்கொள்ளலாம். இறங்கியதும் தொல்லியல் துறையின் நுழைவாயில், அதிலிருந்து கல் பாவிய பாதை, இரண்டு பக்கமும் மரம். மலையேற்றம் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். முட்டுவலிக்காரர்களும் சின்னப் பிள்ளைகளும் ஏறிவிடுகிற நடை அது. மருந்துவாழ் மலைக்குப் போன கால்கள் இதை வாக்கிங் என்று ஒதுக்கிவிடும்.

ஆனால் ஏறிய பிறகு கிடைப்பதில் சிதறால்தான் ஒசத்தி. தொங்கிக்கொண்டிருக்கும் பெரிய பாறைக்கு அடியில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்கள். சமணர்கள் வணங்கும் குருமார்களான தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாம்பு குடை பிடிப்பவர் பார்சுவநாதர். சிங்கத்தோடு நிற்கும் சமணப் பெண் தெய்வம் அம்பிகாவைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் உருவங்கள் விரல் அளவுதான், ஆனாலும் நிற்கிற நிலை தெளிவாகத் தெரியும். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் கல்வெட்டும் இங்கே உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டுவாக்கில் இந்தச் சமணக் கோயில் பகவதி கோயிலாகிவிட்டது. பாறை மேல் ஏறி நின்றால் தென்னையும் ரப்பருமாக ஒரே பச்சை, நடுவில் குழித்துறைத் தாமிரபரணி. கிழக்கே வறண்ட அகஸ்தீஸ்வரத்தையும் மேற்கே நனைந்த விளவங்கோட்டையும் பார்த்தால், இரண்டும் ஒரே மாவட்டம் என்று வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

பஸ் விஷயத்தில் சிதறாலுக்கு நடுத்தர மார்க்தான் போடுவேன். வண்டி உண்டு, ஆனால் பொற்றையடி மாதிரி பின்னாலேயே வராது. விட்டுவிட்டால்கூடப் பெரிய நஷ்டமில்லை, மார்த்தாண்டத்துக்கு ஆட்டோ கட்டுப்படியாகும். சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் சூரிய அஸ்தமனம் பார்க்கும் திட்டத்தோடு போகாதீர்கள்.

உண்மையான மலை வேண்டும், மூச்சு வாங்க வேண்டும், மேலே போய் நின்றால் காற்று சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்றால் பத்துகாணி காளிமலை. மார்த்தாண்டத்திலிருந்து அருமனை, கடையாலுமூடு, ஆறுகாணி வழியாகப் பத்துகாணி. போகப் போக வீடுகள் குறைந்து ரப்பர் அடர்ந்துகொண்டே வரும். வண்டியில் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு. பத்துகாணியிலிருந்து மேலே ஏற்றம் விடாமல் இருக்கும். முதலில் தோட்டங்கள், பிறகு பாறையும் புல்லும். ஜீப் போகும் பாதையும் உண்டு. அதில் ஏறுகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்படாமல் நடக்க மன உறுதி வேண்டும். ஏறி இறங்க அரை நாளை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். உச்சியில் காளி கோயில். சித்ரா பௌர்ணமிக்குப் பெண்கள் பொங்கல் வைக்க ஆயிரக்கணக்கில் ஏறி வருவார்கள். கேரளப் பக்கம் நெய்யாறு நீர்த்தேக்கம் தெரியும். அதே மலை வரிசையில் குருசுமலையும் இருக்கிறது. தவக்காலத்தில் சிலுவை சுமந்து ஏறும் கூட்டம் அங்கே.

சிக்கல் திரும்புவதில்தான். பத்துகாணிக்கு வரும் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி பெரியது. இறங்கும்போதே சாயங்கால வண்டி எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டால் கண்டக்டரிடமிருந்து நேரத்தோடு உபதேசமும் கிடைக்கும்: “மக்களே, மேல கேறி போட்டோ எடுத்துட்டு நிக்காண்டாம். இந்த வண்டிய விட்டா பெறவு வெள்ளறடைக்குத்தான் நடக்கணும்.” சொல்லும்போது மிரட்டல் மாதிரி இருக்கும். யோசித்துப் பார்த்தால் அதுதான் காளிமலையின் பெரிய வசதி. எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளறடையில் கேரள அரசு பஸ் உண்டு. தமிழ்நாட்டு வண்டி கைவிட்டாலும் கேரளா வண்டி பிடித்து வேறு வழியாக ஊர் வந்து சேரலாம். இரண்டு அரசாங்கத்தின் பஸ்ஸும் துணைக்கு இருக்கிற மலை நம் மாவட்டத்தில் எத்தனை இருக்கிறது? இருந்தாலும் பஸ்ஸில் போகிறவர்கள் முதல் தடவை தனியாகப் போக நான் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று பேராகப் போவதே சரி.

இந்த மூன்றைத் தாண்டி எல்லோரும் கேட்பது காளிகேசமும் கோதையாறும்.

காளிகேசத்துக்கு நாகர்கோவிலிலிருந்து தடிக்காரன்கோணம், கீரிப்பாறைப் பக்கம் போகும் வண்டி. ஆறு, காளி கோயில், சுற்றிலும் காடு. அழகில் மேலே சொன்ன மூன்றும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது வனத்துறையின் இடம். அவர்கள் விடுகிற எல்லைவரைதான் நம் நடை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீ உயிர்களைக் குடித்ததற்குப் பிறகு, காட்டுக்குள் நடப்பதற்கு விதிமுறைகள் வந்துவிட்டன. அது நல்லதுக்குத்தான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் ஏற்பாடும் வந்தது. காட்டுப் பாதையில் நடக்க ஆசைப்பட்டால் அந்த வழியில் போங்கள். ஊர்ப்பையன்கள் காட்டுகிற குறுக்குவழி வேண்டாம். யானைக்கு நம்மைத் தெரியாது.

கோதையாறை நான் மலையேற்றக் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன். அது பஸ் பயணம். குலசேகரம், பேச்சிப்பாறை தாண்டிக் கீழ்க் கோதையாறு வரை போகும் வண்டியில் மின்வாரியத்து ஆட்கள், ரப்பர் கழகத் தொழிலாளர்கள், மலைவாழ் மக்களான காணிக்காரர்கள் எல்லாரும் மாதச் சாமானோடு உட்கார்ந்திருப்பார்கள். அரிசி மூட்டை இருக்கிற இடம் போகத்தான் நம் காலுக்கு இடம். 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையைத் தாண்டியதும் ஜன்னலோரம் கிடைத்தால் போதும், டிக்கெட் காசு வசூல். 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் உங்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டே வரும். இறங்கி ஷூவைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைய அங்கே உரிமை கிடையாது. வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவதுதான் மரியாதை.

உலக்கை அருவி, வேளிமலை, தோவாளை முருகன் குன்று எல்லாம் தனிக்கதை. இதில் தோவாளைக் குன்று ஹைவேயிலேயே இருப்பதால், பூச்சந்தைக்கு விடிகாலையில் போகிறவர்கள் கையோடு ஏறிவிட்டு வரலாம். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியானால் எதற்குப் போவது? முதல் தடவை ஏறுபவருக்கும் தனியாகப் போகிறவருக்கும் யோசிக்காமல் மருந்துவாழ் மலை என்பேன். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் சிதறால். கால் பழகிய மூன்று பேர், ஒரு முழு நாள், கையில் கட்டுச்சோறு என்றால் காளிமலை. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்கிற வெளியூர் நண்பருக்கு, காலையில் மருந்துவாழ் மலை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மார்த்தாண்டம் பஸ் ஏறிச் சிதறால் என்று சேர்த்தே திட்டம் போட்டுக் கொடுக்கலாம். வழியில் தக்கலையைத் தாண்டியதும் தூங்கிவிடாமல் இருந்தால் போதும்.

மாதமும் பார்க்க வேண்டும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்த ஜூன், ஜூலையில் காளிமலைப் பக்கம் பாறை வழுக்கும், அட்டையும் ஏறும். உப்பும் புகையிலையும் பையில் இருக்கட்டும். அதே சமயம் கிழக்கே மழை குறைவாக இருப்பதால் மருந்துவாழ் மலையில் ஏறலாம். ஆனால் ஆடிக்காற்றில் உச்சியில் தொப்பி நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கும் மழைதான். கார்த்திகை தீபத்தன்று மருந்துவாழ் மலை உச்சியில் தீபம் ஏற்றுவார்கள், அன்று கூட்டத்தோடு கூட்டமாகப் போகலாம். தை, மாசியில் மூன்றுமே நன்றாக இருக்கும். பங்குனி வெயிலில் சிதறால் மட்டும், அதுவும் காலையில். சித்ரா பௌர்ணமிக்குக் காளிமலை போவதாக இருந்தால் அன்று பஸ்ஸில் கால்வைக்க இடமிருக்காது. முந்தின நாளே மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் விசாரித்துக்கொள்ளுங்கள்.