செஷினா, ஸ்கோஜெலெத்ஸா?

போலந்தில் எல்லையோரச் சிற்றூர் ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது, தெற்கே செஷின் போவதா மேற்கே ஸ்கோஜெலெத்ஸ் போவதா என்று கேட்டால், நான் செஷின் என்றுதான் சொல்வேன்.

இரண்டுமே ஆற்றின் வழியாக இரண்டாக வெட்டப்பட்ட ஊர்கள்தான். 1920-ல் ஓல்சா ஆறு எல்லையானபோது செஷினின் கோட்டைக் குன்றும் பழைய சந்தைச் சதுக்கமும் போலந்துக்கு வந்தன, ரயில் நிலையம் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போய்விட்டது. 1945-ல் நைசே ஆறு எல்லையானபோது நடந்தது இதற்கு நேர் எதிர். கோர்லிட்ஸின் பழைய நகரம் அப்படியே ஜெர்மனியிடம் தங்கிவிட்டது, கிழக்குக் கரைப் புறநகர் மட்டும் போலந்துக்குக் கிடைத்தது. அதுதான் ஸ்கோஜெலெத்ஸ்.

அதனால் அங்கே பார்க்க எதுவுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். செருப்புத் தைத்துப் பிழைத்துக்கொண்டே மறைஞானம் எழுதிய யாக்கோப் போமேயின் வீடு இந்தக் கரையில் இருக்கிறது. போலந்தும் கிழக்கு ஜெர்மனியும் 1950 ஜூலை 6-ல் எல்லை ஒப்பந்தம் போட்ட குவிமாடக் கட்டடமும் இங்கேதான். அப்புறம் ஊரின் தெற்கு விளிம்பில் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நடத்திய போர்க்கைதி முகாம். 1941 ஜனவரி 15 அன்று, கடுங்குளிரில், அங்கே கைதியாக இருந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் தான் எழுதிய 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை'யைச் சக கைதிகள் மூவரோடு முதன்முதலாக வாசித்தது அங்கேதான். இசையில் பிடிப்புள்ளவர் என்றால் நான் சொன்னதை விட்டுவிட்டு நேராக அங்கே போங்கள்.

மற்றவர்களுக்கு செஷின். குன்றின் மேல் 11-ஆம் நூற்றாண்டு வட்டக் கோயில் ஒன்று, சின்னதுதான், ஆனால் 20 ஸ்வாட்டி நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது அதுதான், நோட்டைக் கையில் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே பியாஸ்ட் கோபுரம். ஏறினால் இரண்டு நாடும் தெரியும். இயேசு தேவாலயத்தையும் விடாதீர்கள்: கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியில் காட்டிலும் மலையிலும் ஒளிந்து வழிபட்டுவந்த லூத்தரன் மக்களுக்கு 1709-ல்தான் கோயில் கட்ட அனுமதி கிடைத்தது, அதை ஆயிரக்கணக்கானோர் அமரும்படி மாடம் மாடமாகக் கட்டினார்கள்.

செஷினில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கட்டடம் அல்ல. 2007 டிசம்பரிலிருந்து ஓல்சாவின் பாலங்களைச் சோதனை இல்லாமல் கடந்து பழகியவர்களுக்கு, 2020 மார்ச்சில் கொரோனாவால் பாதை அடைபட்டது. போலந்துக் கரையில் ஒரு துணிப் பதாகை தொங்கியது: "செக் நாட்டுக்காரரே, உங்களை நினைத்து ஏங்குகிறேன்." சில நாளில் எதிர்க்கரையிலும் ஒன்று வந்தது. "நானும்தான், போலந்துக்காரரே."