பழைய மினிடிவி கேசட்டுகளை டிவிடியாக மாற்றக் கொடுக்கும் முன்: எங்கள் 4 கேசட்டுகளுக்கு நேர்ந்தது

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு பீரோவில், அப்பா 2005ஆம் ஆண்டு எடுத்த 4 மினிடிவி கேசட்டுகள் இருந்தன. (இங்கே டிவி என்பது தொலைக்காட்சியன்று, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம்.) மூன்றில் அக்காவின் திருமணம். நான்காவதின் தொடக்கத்தில் பாம்பன் பாலத்தில் மீட்டர்கேஜ் ரயில் ஏறி வருகிறது. அதன் பின், தார்ச்சாலை இல்லாத அந்தக் காலத்தில் மணலில் வேன் ஏறி நாங்கள் தனுஷ்கோடிக்குப் போய்வந்த பயணம். 1914இல் திறக்கப்பட்ட பாலத்தில் 2007இல் அகலப் பாதை வந்துவிட்டதால், இனி யாரும் எடுக்க முடியாத காட்சி அது. அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்குப் பென்டிரைவ் பழக்கமில்லை. டிவிடி பிளேயரில் தட்டைப் போட்டுப் பார்ப்பதுதான் அவருக்குக் கைவந்தது. ஆகவே கேசட்டுகளை டிவிடியாக மாற்றித் தரும்படி இராமநாதபுரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். கேசட்டுக்கு 900 வீதம் 3,600 ரூபாய். அதற்கு மேல் ‘ஹெச்டி தரத்துக்கு’ என்று தனியாக 800 ரூபாய்.

அந்த 800 ரூபாயிலேயே நான் விழித்திருக்க வேண்டும். டிவிடி வீடியோ என்பது நம் நாட்டில் வழங்கும் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சிப் பட முறையில் 720க்கு 576 புள்ளிகளோடு முடிந்துவிடுவது. அதில் ஹெச்டி என்று ஒன்று கிடையாது. ஹெச்டி டிவிடி தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தொழில் தெரியவில்லை அல்லது நமக்குத் தெரியாது என்று அவர் எண்ணுகிறார்.

பத்து நாள் கழித்து ஒரே ஒரு தட்டு வந்தது. நான்கு மணி நேரப் படமும் அதற்குள்ளேயே இருந்தது. திருமணக் காட்சிகள் சற்று மங்கலாகத் தெரிந்தன. பழைய படம்தானே என்று அம்மாவும் சமாதானப்பட்டார். தனுஷ்கோடி முனை வந்தபோதுதான் எனக்கு உறுத்தியது. ஒரு பக்கம் அடங்கிக் கிடக்கும் பெண்கடலும் மறுபக்கம் அடித்துப் புரளும் ஆண்கடலும் கூடுகிற இடத்தில் அப்பா வெகுநேரம் கேமராவைப் பிடித்திருந்தார். தட்டில் இரண்டு கடலும் ஒன்றாகிக் கட்டம் கட்டமாக, குளியலறைத் தரையில் பதித்த சில்லுகளைப் போல நெளிந்தன.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. கணினி அதையே 4.38 என்று காட்டும். அளக்கும் முறையில்தான் வேறுபாடு. இதை ஒரு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் நொடிக்கு ஏறத்தாழ 10.4 மெகாபிட் தரவுக்கு இடம் கிடைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு 5.2, நான்கு மணி நேரத்துக்கு 2.6 மட்டுமே. டிவிடி பயன்படுத்தும் எம்பெக்-2 முறை, ஒரு ஃபிரேமுக்கும் (ஓடும் படத்தின் ஒரு தனிப் படம்) அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே பெரும்பாலும் எழுதி வைத்து இடத்தை மிச்சப்படுத்துகிறது. மேடையில் அசையாமல் நிற்கும் மாப்பிள்ளை வீட்டாரை அது குறைந்த இடத்தில் அடக்கிவிடும். அலையில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுவதால் அங்கே மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. ஆகவே கடற்கரையில் எடுத்த படம் உள்ளவர்கள், தட்டு கைக்கு வந்ததும் கல்யாண மண்டபத்தை விட்டுவிட்டு முதலில் கடலைப் பாருங்கள்; கடைக்காரர் செய்த சிக்கனம் அங்கேதான் தெரியும்.

படத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தபோது இன்னொன்று சிக்கியது. மேல் மூலையில் ‘எஸ்பி’ என்ற எழுத்தும் பேட்டரிக் குறியும் படத்தோடு படமாகப் பதிந்திருந்தன. இவை கேசட்டில் இருப்பவை அல்ல. கேமரா தன் திரையில் காட்டும் குறிகள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்கள் வழியாகத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கும்போதுதான் அவையும் சேர்ந்து வெளியே வரும். மினிடிவி கேசட்டில் உள்ளதோ ஏற்கெனவே டிஜிட்டல் தரவு. அதைக் கேமராவில் கணினியோடு இணைப்பதற்கென்று உள்ள ஃபயர்வயர் என்ற துளை வழியாக எடுத்தால், ஒரு கோப்பை ஒரு இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் பிரதி எடுப்பதைப் போல, எந்த இழப்பும் இல்லாமல் கணினிக்கு வந்துசேரும். கடையில் அதை அனலாக்காக மாற்றி, மலிவான யுஎஸ்பி கருவியால் மறுபடி டிஜிட்டலாக்கி, பிறகு டிவிடிக்காக இன்னொரு முறை சுருக்கியிருக்கிறார்கள். பொங்கிய சோற்றை வடித்து, ஆறவைத்து, மறுபடியும் உலையில் போட்டதற்குச் சமம் இது.

தட்டில் படம் அடங்கிய விஓபி கோப்பை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தேன். 720க்கு 480, நொடிக்கு 29.97 ஃபிரேம் என்று வந்தது. அதாவது அமெரிக்காவில் வழங்கும் என்டிஎஸ்சி முறை. நம் கேசட் 576 வரிகளும் நொடிக்கு 25 ஃபிரேம்களும் கொண்டது. மென்பொருளில் முதலில் இருந்த தெரிவை மாற்றாமல் விட்டதால், வரிகளில் 96 பறிபோய், இல்லாத ஃபிரேம்கள் இட்டு நிரப்பப்பட்டு, நடந்து வரும் பெண்ணழைப்பு ஊர்வலம் விக்கி விக்கி நடந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

“தம்பி, இது கடக்காத்துப் பட்ட டேப்பு. இம்புட்டு வருசமா பீரோல கெடந்திருக்கு. இவ்வளவு வந்ததே பெருசு.”

“அண்ணே, ஃபயர்வயர்ல எடுத்தீங்களா, மஞ்ச வயர்ல எடுத்தீங்களா?”

“எல்லாம் ஒண்ணுதான் தம்பி.”

இரண்டும் ஒன்றல்ல, காற்றின் மீது போட்ட பழியும் பொய். உப்புக்காற்றும் ஈரமும் கேசட்டைக் கெடுக்கும் என்பது நம் கரையில் எல்லோரும் அறிந்ததே. ஆனால் டிஜிட்டல் கேசட் கெட்டால் அங்கங்கே சதுரத் துண்டுகள் தெறிக்கும், ஒலி அறுபடும். படம் முழுவதும் ஒரே சீராக மங்கிப்போவது அனலாக் வழியாலும் மிகையான சுருக்கத்தாலும் வருவது. வெகுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு 1,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். ரசீது என்று என்னிடம் இருந்தது, கடையின் பெயர்கூட அச்சிடாத ஒரு துண்டுச் சீட்டுதான். முறையான ரசீது இருந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையோ, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாமல் மனுவை ஏற்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையோ நம்பிக்கையோடு அணுகியிருப்பேன். முன்பணம் கொடுக்கும்போதே ரசீது கேளுங்கள். என்ன வேலை, எந்த முறையில் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

பிறகு நானே உட்கார்ந்தேன். நண்பரிடம் ஃபயர்வயர் துளை உள்ள கேமராவும், பழைய மேசைக் கணினிக்கு ஒரு ஃபயர்வயர் அட்டையும் வாங்கிக்கொண்டேன். ஒரு மணி நேரக் கேசட், கணினியில் சுமார் 13 ஜிபி ஆயிற்று. கேசட் ஓடும் நேரமே பதியும் நேரமும் ஆகும், அதற்குக் குறுக்கு வழியில்லை. இந்த மூலக் கோப்புதான் பொக்கிஷம். யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் அதைத் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கடை பெரும்பாலும் அதை எடுக்கவே இல்லை என்று கொள்ளலாம்.

டிவிடிக்காக எம்பெக்-2 ஆக்கும்போது ஓரளவு இழப்பு தவிர்க்க முடியாதது. இழப்பே இல்லை என்று விளம்பரத்தில் சொல்வதற்கெல்லாம் நியாயமான பொருள், அந்தச் சுருக்கம் ஒரே ஒரு முறை, கடைசியில் மட்டும் நடக்க வேண்டும் என்பதே. இடையில் எம்பி4, டிவ்எக்ஸ் என்று எதற்கும் மாற்றக் கூடாது. ஒரு தட்டுக்கு ஒரு கேசட் என்று வைத்து நொடிக்கு 8 மெகாபிட் கொடுத்தேன். டிவிடியில் படத்துக்கான உச்ச வரம்பு 9.8 என்றாலும், கணினியில் எரித்த தட்டில் அவ்வளவு உயர்த்தினால் பழைய பிளேயர்கள் திணறுகின்றன.

ஃபீல்டு வரிசைதான் பலர் சறுக்கும் இடம். மினிடிவியில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் கொண்ட இரண்டு பாதிகளாக (ஃபீல்டு), கீழ் ஃபீல்டு முதலில் என்ற வரிசையில் இருக்கும். அதை அப்படியே வைத்துக்கொண்டு, மென்பொருளிலும் அப்படியே குறிப்பிட வேண்டும். மாற்றிக் குறித்தால் அசையும் பொருளெல்லாம் முன்னும் பின்னுமாக உதறும். இரு பாதிகளையும் ஒன்றாக்கிவிடும் ‘டீஇன்டர்லேஸ்’ என்ற தெரிவைத் தொடவே கூடாது. டிவிடி இந்த இரு பாதி முறையை அப்படியே ஏற்கும். ஒலியையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பல கேமராக்கள் 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸில் பதிந்திருக்கும், டிவிடிக்கு 48 வேண்டும். கடைசியாக, கோப்புகளை டிவிடித் தட்டுக்குரிய அமைப்பில் அடுக்கும் மென்பொருள் உங்கள் எம்பெக்-2 கோப்பை மறுபடி சுருக்காமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு மணி நேரப் படத்தை வெறுமனே அடுக்க சில நிமிடங்கள் போதும். ஒரு மணி நேரம் ஓடினால் உள்ளே சுருக்கல் நடக்கிறது என்று பொருள்.

மூன்று திருமணத் தட்டுகளும் கண்ணுக்கு நிறைவாக வந்தன. அக்காவின் புடவைக் கரை நூல் நூலாகத் தெரிந்தது. நான்காவது கேசட்டைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டபோது, பாம்பன் பாலத்துக்குப் பதிலாக ஒரு சுவரும், மின்விசிறியும், ஆணியில் மாட்டிய காலண்டரும் வந்தன. “ஓடுதாடா?” என்று ஒரு குரல். 11 நொடி. கடையில் எவரோ கேமராவின் பதிவுப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். கேசட்டின் முதுகில் உள்ள சிறு தாழ்ப்பாளைப் பாதுகாப்புப் பக்கம் தள்ளிவிட்டுக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. அது என் தவறு. காந்த நாடாவில் மேலெழுதியதை எந்தக் கேபிளாலும் மீட்க முடியாது.

ஃபயர்வயரில் எடுத்த மூல டிவி (டிஜிட்டல் வீடியோ) கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்பதால் எந்த இடத்திலும் சேதமில்லாமல் வெட்டலாம். அந்த 11 நொடியை வெட்டினேன். இப்போது அம்மாவின் தட்டில் ரயில், எஞ்சின் இல்லாமல், மூன்றாவது பெட்டியிலிருந்துதான் பாலத்தில் ஏறுகிறது.