விமான ஜாக் பேட் வாங்கப் போகிறீர்களா? என் 87,500 ரூபா போன கதையை வாசித்துவிட்டு வாங்குங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் மரியாதையாக எழுதிவிடுவேன், அது எனக்கு அதை விற்ற ஆளுக்குத்தான் வசதி.

ஜாக் பேட் என்றால் விமானத்தின் காலில் பூட்டி, கீழே ஜாக்கி கொடுத்துத் தூக்குகிற சாமான். திருகோணமலையில் யார் ஐயா அதை வாங்குகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். சீனக்குடாவில் ஓடுபாதை இருக்கிற ஊர் இது. விமான வேலை பழகி வெளிநாடு போய்த் திரும்பியவர்களும், என்னைப் போல சின்ன விமானங்களுக்கு உபகரணம் தேடிக் கொடுப்பவர்களும் கொஞ்சப் பேர் இங்கே இருக்கிறோம். அதோடு, எனக்கு விற்ற அதே ஆள் தன் ஒன்லைன் விளம்பரப் பக்கத்தில் கராஜுகளுக்கு ஜாக் ஸ்டாண்டும், படகு இயந்திரம் தூக்கச் செயின் புளொக்கும் விற்கிறான். ஆகவே நிலாவெளி, கின்னியாப் பக்கத்துக் கராஜ்காரரும் படகுக்காரரும் சேர்ந்தே வாசியுங்கள்.

ரத்மலானையில் நிற்கும் ஒரு செஸ்னா 172 என்ற சின்ன விமானத்துக்கு இரண்டு ஜாக் பேட் தேவைப்பட்டது. அந்த விமானத்தின் பெரிய சக்கரம் ஒவ்வொன்றும் வளைந்து கொடுக்கிற ஸ்பிரிங் உருக்குக் காலில் நிற்கும். ஒரு சக்கரத்தின் டயரையோ பிரேக்கையோ மாற்ற வேண்டுமென்றால் அந்தக் காலில் பேட்டை இறுக்கிப் பூட்டி, அதன் கீழே ஜாக்கியை வைத்துத் தூக்குவார்கள். பிரேக்கின் வார்ப்பு உடலில் கொடுத்துத் தூக்கக்கூடாது, ஏறும் படியிலும் கொடுக்கக்கூடாது. பேட்டின் அடியில் அரைக்கோளமாக ஒரு குமிழ் இருக்கும், அது ஜாக்கியின் தலைக் குழிக்குள் உட்கார வேண்டும். தூக்கத் தூக்கக் கால் நிமிர்ந்து சக்கரம் உள்பக்கம் வழுக்கி வரும், ஜாக்கி சாயும். அதனால்தான் ஒருமுறை தூக்கி, இறக்கி, ஜாக்கியை நேராக்கி மறுபடி தூக்கச் சொல்கிறார்கள். இந்த வகைப் பேட்டை வைத்து இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்க வேண்டாம் என்பதும் அதற்காகத்தான். சாய்கிற நேரத்தில் குமிழ் குழிக்குள் சுகமாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் வழுக்கும். 172எஸ் ரகத்தின் உச்ச எடை 1,157 கிலோ. பக்கத்தில் குந்திக்கொண்டு சக்கரத்துக்குள் கை விட்டிருப்பவன் ஒரு மனிதன்.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். ஊசி முதல் உழவு இயந்திரம் வரை விற்கிற ஓர் ஒன்லைன் சந்தையில்தான் விளம்பரத்தைப் பார்த்தேன். இரண்டு பேட், 87,500 ரூபா. எழுதிக் கேட்டேன், அவனே அழைப்பு எடுத்தான். எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, உங்கட விமானம் தட்டைக் காலா, குழாய்க் காலா?"

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் முடிந்தது. 1971ஆம் ஆண்டு மாதிரியில் இருந்துதான் 172க்குத் தட்டைக் காலுக்குப் பதிலாகக் குழாய்க் கால் வந்தது. தட்டைக் காலுக்கு உரிய பிடி குழாய்க் காலில் பொருந்தாது. இந்த விமானத்தின் கீழே படுத்து எழும்பியவன்தான் இதைக் கேட்பான். குழாய்க் கால் என்றேன். "அப்ப 4130 உருக்கில செய்தது இருக்கு அண்ணா, பாரச் சோதனைச் சான்றிதழும் தாறன்" என்றான். 4130 என்பது வலுவான ஓர் உருக்கு ரகம். வட்சப்பில் சான்றிதழ் வந்தது, தொடர் இலக்கத்தோடு, முத்திரையோடு. பேட்டை அழுத்தி இயந்திரத்தில் வைத்து நசுக்கிச் சோதிக்கிற வீடியோவும் வந்தது. கடைசியாக ஒரு வார்த்தை: "என்ட அம்மா தம்பலகாமம் அண்ணா. ஊர்க்காரருக்கு நான் துரோகம் செய்வனா?"

87,500 ரூபாவை அன்றைக்கே அந்தச் சந்தையின் கணக்குக்கு அனுப்பினேன்.

பொதி வந்தது. சாம்பல் நிறப் பெயின்ற் நன்றாக மினுங்கியது. அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன், உள்ளே முழுக்க ஊசித் துளைகள். உருக்கில் கடைந்தது இல்லை, மலிவான வார்ப்பிரும்பு. குமிழின் நடுவே வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் பொருந்திய வரம்பு அப்படியே துருத்திக்கொண்டிருந்தது, அதைத் தேய்க்கக்கூட அவனுக்கு மனம் வரவில்லை. ஜாக்கித் தலையில் வைத்தால் ஆடுகிறது. சான்றிதழில் இருந்த தொடர் இலக்கம் இரும்பில் எங்கேயும் இல்லை. இத்தனைக்கும் மேலே, இரண்டு பிடியும் தட்டைக் காலுக்கு உரியவை! அவ்வளவு விவரமாகக் கேட்டவன் அனுப்பியது இதைத்தான்.

அழைத்தேன். "காந்தத்தை வச்சுப் பாருங்க அண்ணா, பிடிக்குதுதானே? அப்ப உருக்குத்தான்." வார்ப்பிரும்பையும் காந்தம் பிடிக்கும் என்று இவனுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த நாள் வேறு கதை: "உங்கட ஊர்க் கடல் காத்துக்கு எந்த இரும்பும் அப்படித்தான் ஓட்டை விழும்." நான் அவனுக்கு அனுப்பியதோ பெட்டியைத் திறந்த அன்றே எடுத்த படம். அதன்பிறகு அம்மாவுக்குச் சுகமில்லை என்றான், அப்புறம் என் இலக்கத்தையே தடுத்துவிட்டான். தம்பலகாமத்து அம்மா உண்மையா பொய்யா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அந்தச் சந்தையின் உதவிப் பிரிவு இவனைவிட மோசம். படம் அனுப்பு என்றார்கள், அனுப்பினேன். வீடியோ அனுப்பு என்றார்கள், அதையும் அனுப்பினேன். கடைசியில் வந்த பதில்: "பொருள் விளம்பரத்தில் உள்ள வகையோடு பொருந்துகிறது, முறைப்பாடு மூடப்பட்டது." என்ன வகை என்று தேடிப் பார்த்தால், அவன் அதைப் பதிந்திருந்தது "வாகன அலங்காரப் பொருட்கள்" என்ற தலைப்பின் கீழ். விமானத்தைத் தூக்குகிற சாமான் அலங்காரப் பொருளாம்! வங்கியில் கேட்டதற்கு, நீங்களே விரும்பி அனுப்பிய காசுதானே என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

விமானத்துக்காரர் தந்த முற்பணத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். 87,500 ரூபா முழுக்க என் தலையில். காசு போனதுகூடப் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், எனக்கு அது பெரிய காசு. ஆனால் பொருத்தமான பிடியோடு இதே வார்ப்பிரும்பு வேறொருவர் கைக்குப் போய், அவர் அரம் எடுத்துப் பார்க்காமல் நேராகப் பூட்டியிருந்தால்?

ஜாக் பேட் தெரிவு செய்வது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. சுருக்கமாக இவை: உங்கள் விமானத்தின் பராமரிப்புக் கையேட்டில் உள்ள பாக இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று சொல்பவனிடம் வாங்காதீர்கள். சான்றிதழில் உள்ள தொடர் இலக்கம் உலோகத்தில் கொத்தப்பட்டிருக்க வேண்டும், படத்தில் பார்த்தது கணக்கில் இல்லை. குமிழை விரலால் தடவிப் பாருங்கள், வரம்பு தட்டினால் திருப்பி அனுப்புங்கள். தூக்கும்போது தரை மட்டமாக இருக்கட்டும், காற்று அடிக்கிற வெளியில் வேண்டாம், உள்ளே ஆள் இருக்கக்கூடாது, ஜாக்கியில் பூட்டு வளையம் இருந்தால் ஜாக்கி உயர உயர அதைக் கூடவே திருகி இறக்குங்கள். வேலை முடிந்ததும் பேட்டைக் கழற்றி எண்ணி வையுங்கள், அதை மாட்டியபடியே பறக்கக் கிளம்பாதீர்கள். ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள், நானும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

இன்று மத்தியானம் பார்த்தேன், அதே படம், புதுப் பெயர், விலை 95,000 ரூபா. கீழே ஒரு தம்பி "ட்ரிங்கோவுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். தம்பி, இதை வாசித்தால் காசு போட முதல் எனக்கு எழுதுங்கள். என்னிடம் இரண்டு கிடக்கிறது, சும்மாவே தருகிறேன். காற்றுக்குக் கதவு அடிபடாமல் முட்டுக் கொடுக்கலாம், அதற்கு மேல் ஒன்றுக்கும் உதவாது.