விளக்கமா, தூக்குவாளியா?

நான் வீகன் ஆனதும், அதாவது கறி, முட்டையோடு பால், தயிர், நெய்யையும் விட்டதும், கடலூர் முதுநகர்ச் சொந்தங்கள் கேட்டது: "மோர்கூடவா ஆகாது?"

இதற்குப் பதில் சொல்ல இரண்டு வழி. முதல் வழி, விளக்குவது. 1867-ல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கிய வடலூரிலிருந்து ஆரம்பிப்பேன். கொல்லாமை புரியும். "பால் கறந்தா மாடு செத்தா போவுது?" என்பார் பெரியப்பா. கன்றுக்கான பால் என்று நான் முடிப்பதற்குள் ரசம் ஆறிவிடும். செடி உணவில் கிடைக்காத பி12 வைட்டமினுக்கு மாத்திரை போடுகிறேன் என்று உண்மையைச் சொன்னால் தொலைந்தேன்: "பாத்தியா, மாத்திரையிலதான் வண்டி ஓடுது!"

இரண்டாவது, வாயைத் திறக்காமல் தூக்குவாளியைத் திறப்பது. பொங்கலுக்குப் பாசிப்பருப்புப் பாயசம் கொண்டுபோனேன். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் முதல் தேங்காய்ப்பால் ஊற்றவேண்டும், இல்லையென்றால் திரிந்துவிடும். பண்ருட்டி முந்திரியைத் தேங்காயெண்ணெயில் வறுத்துப் போட்டேன். அத்தை இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, "நெய் எந்தக் கடைடா?" என்றார்.

எனக்குத் தூக்குவாளிதான். அம்மாவிடம் மட்டும் விளக்கம்; அவர் கவலை கேலி இல்லையே.