பழைய பைத்தானைக் கைவிடத் தேதி பார்ப்பதா, ஆள் பார்ப்பதா?

பைத்தான் நிரல்மொழியில் நாம் எழுதும் நூலகம் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு), அந்த மொழியின் பழைய பதிப்புகளிலும் ஓட வேண்டும் என்று பார்ப்பதை எப்போது நிறுத்துவது? தரமணி டீக்கடையில் எங்கள் குழுவுக்குள் அடிக்கடி வரும் சண்டை இது.

நான் தேதி கட்சி. ஒவ்வொரு பைத்தான் 3 பதிப்புக்கும் சுமார் 5 ஆண்டுகள்தான் ஆதரவு. 3.8-க்கு 2024 அக்டோபரில் முடிந்தது, 3.9-க்கு 2025 அக்டோபரில். பைத்தான் குழுவே பாதுகாப்புத் திருத்தம் தராத பதிப்பை நாம் ஏன் சுமக்க வேண்டும்? எண் கணக்குகளுக்கான பைத்தான் நூலகமான நம்பை (NumPy) இன்னும் கறார். ஒரு பைத்தான் பதிப்பு வெளியாகி 42 மாதம் வரைதான் ஆதரவு என்றே ஒரு கணக்கு வைத்திருந்தது.

எதிர்க்கட்சி சொல்வது: பயன்படுத்துபவர்கள் குறையட்டும், அப்புறம் விடலாம். நியாயம்தான். உபுண்டு 20.04 இயங்குதளத்துடன் வந்தது பைத்தான் 3.8. அந்த சர்வரை மாற்றாத வாடிக்கையாளர் ஒருவர் எங்களுக்கே இருக்கிறார். ஆனால் ஆளை எண்ணுவது எப்படி? பதிவிறக்க எண்ணிக்கையை நம்ப முடியாது. தானியங்கிச் சோதனை ஓட்டும் ஒரே இயந்திரம் ஒரு நாளில் நூறு தடவை இறக்கிவிடும். அதற்குள் மனிதர் எத்தனை பேர் என்று யார் கண்டது?

இன்னொன்று, கைவிடுவதால் பழைய ஆட்கள் உடனே நடுத்தெருவில் நிற்பதில்லை. குறைந்தபட்சப் பதிப்பை நூலகத்தின் விவரத்தில் சரியாகக் குறித்துவிட்டால், நூலகங்களை நிறுவித் தரும் பிப் (pip) என்ற கருவி அவர்களுக்குப் பொருந்தும் பழைய வெளியீட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். புதிய வசதிகள் மட்டும் கிடைக்காது.

ஊருக்கே பொதுவான நூலகம் என்றால் தேதிதான். நாலு வாடிக்கையாளருக்கு மட்டும் எழுதிய மென்பொருள் என்றால், சரி, போன் போட்டுக் கேட்டுவிடலாம்.